சும்மா இருக்கும் கால்

அப்பா ஒரே ஒரு தடவைதான் கேட்டார். "ஏண்டா, மேலே போயிட்டிருக்கறப்ப ஒரு எஞ்சின் நின்னுபோச்சுன்னா என்ன பண்ணுவே?" நான் அமெரிக்காவிலிருந்து டெலிபோனில் பதில் சொன்னேன்: "இன்னொண்ணு இருக்கேப்பா." அவருக்குத் திருப்தி. பன்னிரண்டு மா நஞ்சையை விற்று, வீட்டுப் பத்திரத்தை பாங்கில் வைத்து மகனை அனுப்பிய ஒரு ரிட்டயர்டு ஆரம்பப்பள்ளி ஆசிரியருக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது. அது பொய் என்பது சொல்லும்போதே எனக்குத் தெரியும். இதை எழுத உட்கார்ந்ததற்கு அந்தப் பொய் ஒரு காரணம். இன்னொரு பொய்யும் உண்டு. அது பின்னால் வரும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் விமானி ஆகவில்லை. லைசென்ஸ் வாங்கினேன், 2008 கடைசியில் ஊர் திரும்பினேன். எண்ணெய் விலையும் உலகப் பொருளாதாரச் சரிவும் சேர்ந்து விமானக் கம்பெனிகள் ஆள் எடுப்பதை நிறுத்தியிருந்த சமயம். கையில் லைசென்ஸும் தலையில் கடனுமாக என்னைப் போல் நிறையப் பேர் இருந்தார்கள். இப்போது ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் நஷ்டஈட்டுப் பிரிவில் இருக்கிறேன். மற்றவர்களுடைய விபத்துக்களைப் பற்றிய காகிதங்களைப் படிப்பதுதான் வேலை. இதில் எனக்குச் சோகம் ஏதும் பாக்கியில்லை. ஆனால் இரட்டை எஞ்சின் விமானத்தில் நான் கழித்த சில மணி நேரங்கள் எனக்குள் முடிந்துபோகாமல் கிடக்கின்றன. அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

*

பயிற்சி அரிஸோனாவில், ஃபீனிக்ஸுக்கு மேற்கே. பாலைவனம், ஆனால் வாய்க்கால் வெட்டித் தண்ணீர் கொண்டுவந்து பருத்தி போட்டிருப்பார்கள். மேலேயிருந்து பார்த்தால் பழுப்பு விரிப்பில் பச்சைச் சதுரங்கள். வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் மேகமில்லாத வானம் என்பதால் பல தேசத்துப் பையன்கள் அங்கே பறக்கக் கற்றுக்கொள்கிறார்கள். எனக்கு அப்போது 27 வயது. என் பயிற்சியாளனுக்கு 23. அங்கே இது சகஜம். பெரிய கம்பெனியில் சேரத் தேவையான பறப்பு மணிகளைச் சேர்த்துக்கொள்வதற்காகவே சின்னப் பையன்கள் பயிற்சியாளர்களாக இருப்பார்கள். அவனை நான் 'நீ' என்றேனா 'நீங்கள்' என்றேனா என்ற கேள்வியே எழவில்லை. ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்று. ஆனால் மனசுக்குள் அவன் எனக்கு 'அவன்'தான். அந்த ஆகஸ்டுக்குப் பிறகும் அவன்தான். மரியாதை மட்டும் கூடிவிட்டது.

விமானம் பைப்பர் ஸெமினோல். நாலு பேர் உட்காரலாம். இறக்கைக்கு ஒன்றாக இரண்டு எஞ்சின், ஒவ்வொன்றும் 180 குதிரைசக்தி. இரண்டும் ஓடும்போது கடல்மட்டத்தில், மிதமான உஷ்ணத்தில், நிமிஷத்துக்கு 1,300 அடிக்குமேல் ஏறும். ஒன்று நின்றுவிட்டால்? பாதி சக்தி போனதால் பாதி ஏறும் என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஏறுவது சுமார் 200 அடி. ஏறும் திறனில் ஐந்தில் நாலு பங்குக்குமேல் போய்விடுகிறது. குடும்ப வரவுசெலவு தெரிந்தவர்களுக்கு இது புரியும். சம்பளத்தில் பாதி போனால் சேமிப்பில் பாதியா போகிறது? சேமிப்பு முழுக்கப் போய்விடுகிறது. விமானம் விழாமல் இருப்பதற்கே பெரும்பகுதி சக்தி செலவாகிறது. மிச்சம் இருப்பதில்தான் ஏறுகிறது.

இந்த 200 அடியும் புஸ்தகத்தில் உள்ளது. புது எஞ்சினுக்கு, குளிர்ந்த காற்றுக்கு, கை தேர்ந்த விமானிக்கு. அரிஸோனாவில் ஓடுபாதை ஆயிரம் அடிக்குமேல் இருக்கிறது. ஆகஸ்டில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். காற்று மெலிந்து, எஞ்சின் தான் 4,000 அடிக்குமேல் இருப்பதாக நினைத்துக்கொள்கிறது. இரண்டு ஆளும் நிறைந்த டாங்குமாக அந்த உச்சிவேளையில் கிளம்பி ஒரு எஞ்சின் நின்றால் விமானம் ஏறாது. மெதுவாக இறங்கும். இன்னொரு எஞ்சின் இருக்கிறது. அது உங்களை விபத்து நடக்கும் இடம்வரை கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று அங்கே விமானிகளிடையே ஒரு ஹாஸ்யம் உண்டு. 6,000 பவுண்டுக்கு உட்பட்டு, ஸ்டால் வேகம் 61 நாட்டுக்கு மிகாத இரட்டை எஞ்சின் விமானங்கள் ஒற்றை எஞ்சினில் ஏறியே ஆகவேண்டும் என்று இவற்றுக்குச் சான்றிதழ் தந்த அமெரிக்க விதிகள் கேட்கவேயில்லை. எவ்வளவு ஏறும் அல்லது இறங்கும் என்று அளந்து எழுதிவைத்தால் போதும். பெரிய பயணி விமானங்களுக்கு விதி வேறு. அவை ஏறியாக வேண்டும். அப்பாவுக்கு நான் சொன்ன பதில் அந்த விமானங்களுக்குப் பொருந்தும். அவர் மகன் உட்கார்ந்திருந்ததற்குப் பொருந்தாது.

ஏறாதது ஒரு பிரச்னை. திரும்புவது அதைவிடப் பெரிய பிரச்னை. எஞ்சின்கள் நடுவில் இல்லை, பக்கத்துக்கு ஒன்றாக இருக்கின்றன. இடது நின்றால் வலது எஞ்சின் தன் பக்கத்து இறக்கையை முன்னே தள்ளுகிறது. மூக்கு இடப்பக்கம் திரும்புகிறது. கூடவே இடது இறக்கை சாய்கிறது. இதை எதிர்க்கக் காலால் சுக்கான் பெடலை மிதிக்க வேண்டும். சுக்கானுக்குப் பலம் காற்றின் வேகத்திலிருந்து வருகிறது. வேகம் ஒரு எல்லைக்குக் கீழே போனால் முழுக்க மிதித்தாலும் சுக்கான் தோற்றுவிடும். விமானம் செத்த எஞ்சின் பக்கமாகவே உருண்டு கவிழும். வேகமானியில் அந்த எல்லையை ஒரு சிவப்புக் கோடாகப் போட்டிருப்பார்கள். ஸெமினோலில் 56 நாட். இன்னொரு கோடு நீலம், 88 நாட். ஒற்றை எஞ்சினில் அதிகபட்சம் ஏறக்கூடிய, அல்லது குறைந்தபட்சம் இறங்கக்கூடிய, வேகம் அது. சிவப்புக்கும் நீலத்துக்கும் நடுவே உள்ள 32 நாட்டில்தான் எங்கள் படிப்பு முழுவதும் இருந்தது.

*

எந்த எஞ்சின் நின்றது என்று எப்படித் தெரிந்துகொள்வது? இது ஒரு கேள்வியா என்று தோன்றலாம். எட்டிப் பார்த்தால் தெரியாதா? தெரியாது. செத்த எஞ்சினின் ப்ரொப்பெல்லர் நிற்பதில்லை. எதிர்க்காற்று அதைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். கவர்னர் என்ற கருவி சுழற்சி குறையக் குறைய தகடுகளின் கோணத்தை மாற்றிப் பழைய வேகத்தையே பிடித்துவைக்கப் பார்க்கும். ஆகவே சுற்றுமானியின் முள்கள் இரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கலாம். செத்தது உயிரோடிருப்பது போல் சுற்றுகிறது. இன்னும் சொல்லப்போனால் உயிரோடிருப்பதைவிடக் கேடு. காற்றிடமிருந்து சக்தியைத் திருடிச் சுற்றுவதால் ஒரு தட்டையான பலகையை இறக்கையில் கட்டிவிட்ட மாதிரி இழுக்கிறது. தன் பலத்தில் சுற்றுவது எது, அடிக்கிற காற்றில் சுற்றுவது எது என்று கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாமல் போகும் இடங்கள் விமானத்துக்கு வெளியிலும் இருக்கின்றன. இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் அதை விளக்க வேண்டியதில்லை.

கருவியும் கண்ணும் உதவாத இடத்தில் காலைக் கேட்கச் சொல்கிறார்கள். மூக்கு திரும்புகிறது, நேராக வைக்க ஒரு கால் தானாக மிதிக்கிறது. வானமும் பூமியும் நேராக நிற்கின்றன. இப்போது எந்தக் கால் சும்மா இருக்கிறது? சும்மா இருக்கும் கால் பக்கத்து எஞ்சின்தான் செத்த எஞ்சின். ஆங்கிலத்தில் இதை நாலு சொல்லில் மந்திரம் மாதிரி சொல்வார்கள். செத்த கால், செத்த எஞ்சின்.

மந்திரத்துக்கு முன்னும் பின்னும் சடங்கு உண்டு. நடுவில் ஆறு லீவர்கள்: கறுப்பில் இரண்டு த்ராட்டில், நீலத்தில் இரண்டு ப்ரொப்பெல்லர், சிவப்பில் இரண்டு மிக்ஸ்சர். ஆறையும் முன்னே தள்ளு. ஃப்ளாப்பை ஏற்று, சக்கரத்தை மடி. செத்ததை அடையாளம் காண். சரிபார். பிறகு அந்தப் பக்கத்து நீல லீவரைக் கடைசிவரை பின்னே இழு. தகடுகள் காற்றுக்கு விளிம்பைக் காட்டித் திரும்பி, ப்ரொப்பெல்லர் நின்றுவிடும். இதை 'இறகாக்குவது' என்கிறார்கள். சுழற்சி ரொம்பக் குறைந்துபோனால் ஒரு பூட்டு விழுந்து இறகாக்கவும் முடியாமல் போய்விடும். ஆக, தயங்கவும் கூடாது, அவசரப்படவும் கூடாது.

இந்த வரிசையில் 'சரிபார்' என்பதைக் கவனிக்க வேண்டும். இடது செத்தது என்று தீர்மானித்துவிட்டாய். உடனே அதை மூடாதே. இடது த்ராட்டிலை மெதுவாகப் பின்னே இழுத்துப் பார். சத்தமும் மாறவில்லை, மூக்கும் அசையவில்லை என்றால் நீ சொன்னது சரி. ஏதாவது மாறினால் நீ கைவைத்திருப்பது உயிரின்மீது. இந்தச் சோதனைக்கு இரண்டு மூன்று விநாடி ஆகும். தரையிலிருந்து 500 அடி உயரத்தில் இரண்டு மூன்று விநாடி என்பது பெரிய தொகை. அதைச் செலவழிக்கச் சொல்கிறார்கள். நிச்சயமாக இருக்கும்போதுதான் சந்தேகப்பட வேண்டும் என்று என்னிடம் முதலில் சொன்னது எந்த விமர்சகனும் அல்ல, ஒரு விமானத்தின் கையேடு.

*

இப்போது என் சங்கதி. சின்ன வயசில் எனக்கு இடது வலது தகராறு உண்டு. வலது என்றால் சோத்துக்கைப் பக்கம் என்று அம்மா சொல்லிக்கொடுத்தாள். பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர் 'லெஃப்ட் ரைட்' என்று கத்தும்போது நான் மனசுக்குள் சோறு பிசைந்து பார்த்துவிட்டுத்தான் காலெடுத்து வைப்பேன். அரை விநாடி பிந்தும். வளர்ந்த பிறகு இது மறைந்துவிட்டதாக நினைத்திருந்தேன். மறையவில்லை. வேகமாக நடக்க ஆரம்பித்திருந்தது, அவ்வளவுதான்.

2007 ஆகஸ்டில் ஒரு காலை. பத்து மணிக்கே ஓடுபாதையில் கானல். கிளம்பினோம். சக்கரத்தை மடித்தேன். சுமார் 500 அடியில் அவன் செக்லிஸ்ட் அட்டையால் லீவர்களை மறைத்துக்கொண்டு ஒரு த்ராட்டிலைப் பின்னே இழுத்தான். அந்த உயரத்தில் எஞ்சினை நிஜமாக நிறுத்த மாட்டார்கள். த்ராட்டிலை மூடிப் பாவனை செய்வதோடு சரி. நிஜமாக நிறுத்தி இறகாக்கிப் பழகுவதெல்லாம் 3,000 அடிக்கு மேலே. மூக்கு இடப்பக்கம் வழுக்கியது. என் வலது கால் மிதித்தது. நான் மிதிக்கச் சொல்லவில்லை, அதுவே மிதித்தது. மூக்கை இறக்கி 88 நாட்டைப் பிடித்தேன். ஆறு லீவர்களுக்கும் கை போயிற்று. எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. கால் தன் வேலையை முடித்துவிட்டது.

பிறகு வாய் வந்தது. "செத்த கால், செத்த எஞ்சின்" என்று உரக்கச் சொன்னேன். எந்தக் கால்? வலியெடுக்கும் கால்தான் ஞாபகத்தில் இருந்தது. அதுதானே கவனத்தைக் கேட்கிறது! சும்மா இருக்கும் காலை யார் நினைக்கிறார்கள்? மிதிக்கிற கால், வலது, சோத்துக்கைப் பக்கம், 'ரைட்'. "ரைட் எஞ்சின்" என்றேன். சரிபார்ப்பதற்கான மெதுவான இழுப்பு இல்லை. தெரிந்தவன் இழுக்கிற இழுப்பு. வலது த்ராட்டிலை முழுக்கப் பின்னே கொண்டுவந்தேன்.

அடுத்து நடந்ததுதான் இத்தனை வருஷமாக என்னை விடாமல் இருக்கிறது. பயம் வரவில்லை. நிம்மதி வந்தது. மூக்கை இழுத்துக்கொண்டிருந்த சக்தி போய்விட்டது. விமானம் தானாக நேராயிற்று. காலில் இருந்த பாரம் இறங்கிற்று. அதிர்வு அடங்கி, சத்தம் அடங்கி, எல்லாம் சமனாகிவிட்டதாகத் தோன்றியது. பிரச்னை தீர்ந்தது என்று உடம்பு முழுவதும் சொல்லிற்று. தீர்ந்துதான் போயிருந்தது; ஒரு பக்கம் செத்ததால் வந்த கோணலை, மறுபக்கத்தையும் கொன்று சரிசெய்திருந்தேன்.

அந்த நிம்மதி ஒரு விநாடி இருந்திருக்கும். சக்கரம் மடங்கியிருக்கும்போது த்ராட்டிலை மூடினால் அலறுகிற ஹாரன் அலறியது. அவன் அட்டையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு த்ராட்டில்களையும் முன்னே தள்ளினான். அதே நேரத்தில் மூக்கைக் கீழே அழுத்தினான். பருத்திச் செடிகள் தனித்தனியாகத் தெரிந்தன. வாய்க்கால் கரையில் நின்ற ஒருவன் தலையைத் தூக்கிப் பார்த்தது தெரிந்தது. பிறகு ஏறினோம். அவன் ரேடியோவில் வழக்கமான குரலில் தகவல் சொன்னான். சுற்றி வந்து இறங்கினோம். இறங்கும்வரை ஒன்றும் பேசவில்லை.

*

எஞ்சினை நிறுத்திய பிறகு கேட்டான். "எதை வைத்து ரைட் என்று முடிவு செய்தாய்?" நான் தயங்காமல் சொன்னேன்: "செத்த கால், செத்த எஞ்சின்."

இதுதான் இரண்டாவது பொய். காலை நான் கேட்கவேயில்லை. கால் தெரிந்துவைத்திருந்ததை வாய் கேட்காமலேயே பேசிற்று. பரீட்சையில் இந்தப் பதிலுக்கு முழு மார்க் உண்டு. மனப்பாடத்துக்கு முழு மார்க் வாங்கிப் பழகிய பையன் நான். அனுபவம் ஒரு பக்கமும் அதைச் சொல்லும் வாக்கியம் இன்னொரு பக்கமுமாக, இரண்டுக்கும் நடுவே ஒரு நரம்புகூட ஓடாமல், ஒரே உடம்பில் இருக்க முடியும் என்பதை அன்றுதான் கண்டேன். வாக்கியம் சரியானது, அழகானது, பலரைக் காப்பாற்றியது. அது என்னுடையதாக இல்லை.

அவன் கோபப்படவில்லை. "சொன்னது சரி. இழுத்தது எதை?" என்றான். நான் பேசவில்லை. வெயிலில் நிறுத்திய விமானத்துக்குள்ளேயே இன்னும் அரை மணி உட்காரவைத்தான். கண்ணை மூடச் சொன்னான். ஒரு பெடலைத் தன் காலால் தள்ளி, என்னை எதிர்த்து மிதிக்கச் சொன்னான். "இப்போது சும்மா இருக்கும் தொடையைக் கையால் தட்டு. பேசாதே. தட்டின கையை அப்படியே அந்தப் பக்கத்து லீவருக்குக் கொண்டுபோ." ரைட்டும் இல்லை, லெஃப்டும் இல்லை. இந்தத் தொடை, இந்த லீவர். ஐம்பது தடவை செய்திருப்போம். வியர்வையில் சீட் ஊறிவிட்டது.

அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்து செய்தேன். பஸ்ஸில் செய்தேன். கூட இருந்த கோட்டயத்துப் பையன் நான் தொடையைத் தட்டிக்கொள்வதைப் பார்த்துப் பாட்டுக்குத் தாளம் போடுவதாக நினைத்துக்கொண்டான். ஒரு வாரத்தில் கை பழகிவிட்டது. சொல் பின்னால் வந்தது. முதலில் தட்டுவேன், பிறகு பெயர் சொல்வேன், பிறகு மெதுவாக இழுத்துப் பார்ப்பேன். ஒரு சொல் எங்கே வரவேண்டும் என்பது எனக்கு இலக்கியத்திலிருந்து தெரிந்ததல்ல, இந்தத் தொடையிலிருந்து தெரிந்தது என்றால் மிகையாகப் படலாம். உண்மை அதுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அப்பா போனில் கேட்டார். நானும் பதில் சொன்னேன்.

*

பயிற்சியில் இன்னொரு பாடம் உண்டு. நல்ல உயரத்துக்குப் போய், ஒரு த்ராட்டிலை மூடி, மற்றதை முழுக்கத் திறந்துவைத்து, மூக்கைத் தூக்கி விநாடிக்கு ஒரு நாட்டாக வேகத்தைக் குறைத்துக்கொண்டே வரவேண்டும். கால் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகும். ஒரு கட்டத்தில் பெடல் முடிந்துவிடும். ஆனால் மூக்கு நகர ஆரம்பிக்கும். சிவப்புக் கோடு என்பது என்ன என்று உடம்புக்குக் காட்டுவதற்கான பாடம் இது. மெலிந்த காற்றில் எஞ்சினுக்குச் சக்தி குறைவதால் திசை தவறும் வேகமும் குறைந்து, ஸ்டால் ஆகும் வேகத்தோடு நெருங்கிவிடும். இரண்டும் சேர்ந்து வந்தால் விமானம் சுழன்று விழும். அதனால் பயிற்சியாளன் பெடலுக்குக் குறுக்கே தன் காலை வைத்து, பாதியிலேயே அதை முடித்துவிடுவான்.

அந்த நிலையிலிருந்து மீள்வது எப்படி? நல்ல எஞ்சினைக் குறைக்க வேண்டும். மூக்கை இறக்க வேண்டும். என்னைக் கவிழ்ப்பது செத்த எஞ்சின் அல்ல. உயிரோடிருப்பதன் முழுப் பலம். அதைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால்தான் திசை கைக்கு வரும். முதல் தடவை என் கை போகவில்லை. 500 அடியில் நான் செய்த தப்பும் இதேதானே? நல்ல எஞ்சினை மூடியதுதானே? அவன் சொன்னான்: "அன்றைக்கு உன்னிடம் உயரம் இல்லை. உனக்குத் தெரியவும் இல்லை. இன்றைக்கு இரண்டும் இருக்கிறது." காரியம் ஒன்று. செய்கிறவன் நிற்கும் இடமும் அவன் தெரிந்துசெய்கிறானா என்பதும்தான் வேறு. இதை அவன் தத்துவமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டான்.

*

2015 பிப்ரவரி 4. தைபேயில் ஒரு விமானம் மேம்பாலத்தின்மேல் சாய்ந்து, ஒரு டாக்ஸியை இடித்துக்கொண்டு ஆற்றில் விழும் காட்சியை ஒரு காரில் இருந்த காமிரா பிடித்திருந்தது. உலகமே அதைப் பார்த்தது. ட்ரான்ஸ்ஏஷியா 235, ஏடிஆர் 72-600, 58 பேரில் 43 பேர் இறந்தார்கள். அறிக்கையைப் பிறகு வரிவரியாகப் படித்தேன். வலது எஞ்சின் கெட்டுப்போகவே இல்லை. ஒரு மின்னணுப் பெட்டிக்குள் சரியாகப் பற்றாத ஒரு பற்றவைப்பு. அதன் கோளாறால் வலது ப்ரொப்பெல்லர் தானாக இறகாகிவிட்டது. காப்டன் இடது த்ராட்டிலை இழுத்தார். பிறகு இடது எஞ்சினை நிறுத்தினார். தான் இழுத்தது தப்பான பக்கம் என்று அவருக்குத் தெரிந்தபோது திரும்பக் கிளப்ப நேரமில்லை. கிளம்பியதிலிருந்து முடிந்ததுவரை சுமார் மூன்று நிமிஷம்.

ஆபீஸ் நண்பர்கள் அந்தக் காட்சியைப் பார்த்து "எப்படி சார் இப்படிப் பண்ணுவாங்க? படிச்சவங்கதானே?" என்றார்கள். நான் டீ குடிக்கப் போய்விட்டேன்.

அதற்கு 26 வருஷம் முன்னால், 1989 ஜனவரி 8 அன்று, லண்டனிலிருந்து பெல்ஃபாஸ்ட் போன போயிங் 737-400 ஒன்று கெக்வொர்த் என்ற ஊருக்குப் பக்கத்தில் நெடுஞ்சாலைக் கரையில் மோதியது. 126 பேரில் 47 பேர் இறந்தார்கள். இடது எஞ்சினில் ஒரு விசிறித் தகடு உடைந்து அதிர்வும் புகையும் வந்தன. விமானிகள் வலது எஞ்சினைக் குறைத்தார்கள். அதிர்வு குறைந்தது. புகை நாற்றமும் குறைந்த மாதிரி இருந்தது. அது தற்செயல். ஆனால் அந்த ஆறுதல் அவர்கள் எடுத்த முடிவுக்கு அத்தாட்சியாகிவிட்டது. வலதை நிறுத்தினார்கள். காப்டன் வலது எஞ்சினில் கோளாறு என்று பயணிகளுக்கு அறிவித்தார். பின்சீட்டுகளில் இருந்தவர்கள் இடப்பக்கம் நெருப்பைக் கண்ணால் பார்த்திருந்தார்கள். குழம்பினார்கள். ஒருவரும் எழுந்து சொல்லவில்லை. தெரிந்தவர்கள் சொல்லும்போது தாம் பார்த்தது தப்பாக இருக்கும் என்று நினைத்திருக்கலாம். இறங்கப்போகும் கடைசி நேரத்தில் இடது எஞ்சினும் போயிற்று.

அறிக்கையில் அந்த இடம் வரும்போது நான் நிறுத்திவிட்டேன். அதிர்வு குறைந்தது என்ற வாக்கியத்தில். எனக்கு அந்த விநாடி தெரியும். காலில் பாரம் இறங்கும் விநாடி. தப்பு எப்போதும் உறுத்தலாக வரும் என்று நமக்குச் சொல்லியிருக்கிறார்கள். மனசாட்சி, உள்ளுணர்வு என்றெல்லாம் பெயர் வைத்திருக்கிறோம். சில தப்புகள் ஆறுதலாக வருகின்றன. அவற்றைப் பிடிக்க உள்ளுணர்வு போதாது. இரண்டு விநாடி செலவழித்து, மெதுவாக இழுத்து, ஏதாவது மாறுகிறதா என்று பார்க்கிற வறட்டுப் பழக்கம்தான் உண்டு. அந்தப் பழக்கமும் சில நாள் தவறிவிடுகிறது.

இதை வாழ்க்கைக்கு உவமையாக்க எனக்கு இஷ்டமில்லை. இரட்டை எஞ்சின் விமானத்தில் கணவன்-மனைவியையும் உடல்-ஆத்மாவையும் உட்காரவைப்பது சுலபம். இரண்டு என்ற எண் எதற்கும் இடம் கொடுக்கும். நான் சொல்வது நிஜமான எஞ்சினையும் நிஜமான காலையும் பற்றி. எஞ்சின் நிற்பதைச் சமாளிக்கக் கற்றுத்தருகிற பயிற்சியிலேயே, நிற்காத எஞ்சினோடு, ஆட்கள் செத்திருக்கிறார்கள். அன்று நாங்கள் இரண்டு பேர் அந்தக் கணக்கில் சேர்ந்திருப்போம். என்னிடம் எல்லாம் சரியாகச் சொல்லத் தெரிந்திருந்தது.

அப்பா 2013-ல் போய்ச் சேர்ந்தார். நிலத்தைப் பற்றி ஒரு தடவைகூடக் குறைசொன்னதில்லை. வீட்டுக்கு வருகிறவர்களிடம், "ரெண்டு எஞ்சின் பிளேன் ஓட்டினவன். ஒண்ணு நின்னாலும் இன்னொண்ணுல கொண்டுவந்துடுவான்" என்று சொல்லிக்கொண்டிருப்பார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். ஒரு தடவையாவது திருத்தியிருக்கலாம். அவர் வாத்தியார், தப்பைத் திருத்தினால் கோபித்துக்கொள்கிறவர் அல்ல.

லாக்புக் இப்போதும் பீரோவில் இருக்கிறது. அந்த நாளுக்கான வரியில் விமான எண், 0.6 மணி, ஒரு தடவை இறக்கம், அவன் கையெழுத்து. குறிப்பு எழுதும் கட்டத்தில் அவன் கொட்டை எழுத்தில் எழுதியிருப்பது இவ்வளவுதான்: ஒற்றை எஞ்சின் பயிற்சி. மீண்டும் செய்ய வேண்டும்.